ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி: ஆலையின் உமிழ்வுக் கணக்கை அடியிலிருந்து தயாரிக்கும் முழு வழிகாட்டி

ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் அனுப்பும் ஆலைகளுக்கு இப்போது வாங்குபவரிடமிருந்து ஒரு எக்செல் கோப்பு வருகிறது. 'உங்கள் பொருளின் உமிழ்வு எவ்வளவு என்று நிரப்பி அனுப்புங்கள்' என்கிறார்கள். பல இடங்களில் அது ஏற்றுமதிப் பிரிவிலிருந்து கணக்குப் பிரிவுக்குப் போகிறது, அங்கிருந்து யாராவது ஒரு இளம் பொறியாளரின் மேசைக்கு வந்து நின்றுவிடுகிறது. கடைசி வாரத்தில் கிடைத்த பில்களை வைத்து ஏதோ ஒரு எண்ணை எழுதி அனுப்புகிறார்கள்.

2025 வரை அப்படி ஓட்ட முடிந்தது, இனி முடியாது. அந்த எண் இப்போது பணமாக மாறுகிறது. அது உருவாகும் இடம் எடைமேடையும் எரிவாயு மீட்டரும் ஸ்டோர்ஸ் பதிவேடும். எக்செல் அதைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். ஒரு ஆலைக்கு உதவப் போகிறவர் ஆலோசகரோ, தரக்கட்டுப்பாட்டு மேலாளரோ, ஆலையின் உரிமையாளரே ஆனாலும், இந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால் பாதி வேலை சுலபமாகிவிடும்.

விதி இன்று எங்கே நிற்கிறது

ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லைச் சரிசெய்தல் முறையை, அதாவது எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சிபிஏஎம்-ஐ, உருவாக்கிய சட்டம் 2023 மே மாதம் வந்தது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை இடைக்காலம். அப்போது இறக்குமதியாளர்கள் காலாண்டு அறிக்கை மட்டும் கொடுத்தால் போதும், பணம் கட்ட வேண்டியதில்லை. 2026 ஜனவரி 1 முதல் உண்மையான காலம் தொடங்கிவிட்டது.

இடையில் 2025 அக்டோபரில் ஒரு பெரிய திருத்தம் வந்தது. பழைய கட்டுரைகளையும் பயிற்சிக் குறிப்புகளையும் வைத்து வேலை செய்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். அதன்படி, 2026-இல் இறக்குமதியான பொருளுக்கான சான்றிதழ்களின் (ஒரு டன் உமிழ்வுக்கு ஒன்று என்று இறக்குமதியாளர் பணம் கொடுத்து வாங்க வேண்டியவை) விற்பனை 2027 பிப்ரவரி 1 அன்று தொடங்கும். அந்த ஆண்டுக்கான அறிவிப்பைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2027 செப்டம்பர் 30. முன்பு சொல்லப்பட்ட மே 31 இப்போது இல்லை. அப்புறம், ஒரு இறக்குமதியாளர் ஒரு ஆண்டில் கொண்டுவரும் இந்தப் பொருள்களின் மொத்த எடை 50 டன்னைத் தாண்டாவிட்டால் அவருக்கு இந்தக் கடமையே இல்லை. மின்சாரத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் மட்டும் இந்த விலக்கு பொருந்தாது.

50 டன் என்பது வாங்குபவரின் கணக்கு, உங்களுடையது அல்ல. நீங்கள் அவருக்கு 12 டன் மட்டும் அனுப்பினாலும், அவர் மற்ற இடங்களிலிருந்தும் வாங்கி 50-ஐத் தாண்டியிருந்தால் உங்கள் சரக்குக்கும் கணக்கு வேண்டும். அதனால் முதல் கேள்வியை அவரிடமே நேராகக் கேளுங்கள்: இந்த ஆண்டு நீங்கள் வரம்பைத் தாண்டுவீர்களா?

முதல் படி: பொருள் பட்டியலில் இருக்கிறதா?

ஆறு துறைகள்: சிமெண்ட், இரும்பு மற்றும் எஃகு, அலுமினியம், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். ஆனால் துறையின் பெயரை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஐரோப்பியச் சுங்கம் பொருள்களை வகைப்படுத்தும் எட்டு இலக்க சிஎன் குறியீடுதான் பேசும். எஃகுத் துறையில் 72-ஆம் அத்தியாயத்தின் பெரும்பகுதி உள்ளே வருகிறது. ஸ்கிராப்பும் சில ஃபெரோ உலோகக் கலவைகளும் வெளியே இருக்கின்றன. 73-ஆம் அத்தியாயத்தில் குழாய்கள், குழாய் இணைப்புகள், தொட்டிகள், 7318-இல் வரும் போல்ட், நட்டு, திருகுகள், 7326-இல் வரும் பலவகை எஃகுப் பொருள்கள் எல்லாம் உள்ளே. போல்ட் செய்பவர் தன்னை எஃகு ஆலையாகவே நினைப்பதில்லை. இந்த வரி அவரைத் தொடும் என்று சொன்னால் பல நேரம் நம்புவதும் இல்லை.

குறியீட்டை உங்கள் ஏற்றுமதி பில்லிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். முதல் ஆறு இலக்கம் உலகம் முழுவதும் ஒன்றுதான். கடைசி இரண்டு ஐரோப்பாவுக்கே உரியவை. அங்கே சுங்கத்தில் எந்தக் குறியீட்டில் இறக்கினார்கள் என்று வாங்குபவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரு பக்கமும் வேறு வேறு குறியீடு வைத்திருந்தால் பின்னால் செய்யும் மொத்தக் கணக்கும் பயனற்றுப் போகும்.

இரண்டாம் படி: யார் பொறுப்பு?

சட்டப்படி அறிவிப்பு கொடுப்பவரும் சான்றிதழ் வாங்குபவரும் ஐரோப்பாவில் இருக்கும் அனுமதி பெற்ற இறக்குமதியாளர். சான்றிதழ் ஒப்படைக்கத் தவறினால் டன்னுக்கு 100 யூரோ அபராதமும் அவர் தலையில்தான், அந்தத் தொகை விலைவாசிக்கு ஏற்ப உயரும். அப்படியானால் ஆலைக்கு என்ன கவலை?

உங்களிடமிருந்து சரிபார்க்கப்பட்ட எண் வராவிட்டால், அவர் ஐரோப்பிய ஆணையம் நாடுவாரியாக வெளியிட்டிருக்கும் இயல்பு மதிப்பைப் பயன்படுத்த வேண்டும். அந்த மதிப்பின் மேல் 2026-இல் 10 விழுக்காடு, 2027-இல் 20, 2028 முதல் 30 விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கப்படும். உரத்துக்கு மட்டும் 1 விழுக்காடு. அந்தச் செலவை அவர் சும்மா ஏற்றுக்கொள்ள மாட்டார். விலையில் குறைக்கச் சொல்வார், அல்லது கணக்குக் காட்டும் வேறொரு ஆலைக்குப் போவார். நல்ல முறையில் உற்பத்தி செய்யும் ஆலை, கணக்குக் காட்டாத காரணத்துக்காக மோசமான ஆலையின் எண்ணைச் சுமப்பது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். அதைத் தவிர்க்கத்தான் இத்தனை உழைப்பும்.

மூன்றாம் படி: ஆலையின் எல்லையை வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் ஆலையின் வரைபடத்தைப் போடுங்கள். உள்ளே வரும் ஒவ்வொரு எரிபொருள், மூலப்பொருள், வெப்பம், மின்சாரம். வெளியே போகும் ஒவ்வொரு பொருள், கழிவு, வெப்பம், கழிவு வாயு. எல்லாவற்றுக்கும் ஒரு அம்புக்குறி. பிறகு அந்த ஆலையை உற்பத்திச் செயல்முறைகளாகப் பிரியுங்கள். சட்டம் பொருள்களைத் தொகுப்பு வகைகளாகப் பிரித்திருக்கிறது. எஃகில் கச்சா எஃகு ஒரு வகை, உருட்டிச் செய்த எஃகுப் பொருள் இன்னொரு வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு செயல்முறை என்று வைத்துக்கொள்வது வழக்கம். பில்லெட்டை, அதாவது உருக்கி வார்த்த எஃகுக் கட்டியை, விற்காமல் முழுவதையும் நீங்களே கம்பியாக உருட்டினால் இரண்டையும் ஒரே செயல்முறையாக எடுத்துக்கொள்ளலாம், வேலை குறையும். பில்லெட்டில் கொஞ்சத்தை வெளியே விற்றால் பிரித்தே ஆக வேண்டும்.

இந்த வரைபடத்தை அலுவலகத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். ஷிஃப்ட் பொறுப்பாளரோடு ஆலையைச் சுற்றி நடந்து போடுங்கள். உருகிய எஃகை ஏந்தும் லேடிலைச் சூடாக்கும் சின்ன பர்னர், எப்போதாவது ஓடும் பாய்லர், வெட்டும் பகுதியில் இருக்கும் எல்பிஜி சிலிண்டர்கள் போன்றவை காகிதத்தில் தெரியாது. சரிபார்ப்பாளர் வந்து நடக்கும்போது அவர் கண்ணில் நிச்சயம் படும்.

எதைச் சேர்க்க வேண்டாம் என்பதும் முக்கியம். ஆலைக்குள் ஓடும் லாரி, ஃபோர்க்லிஃப்ட் போன்ற போக்குவரத்து வண்டிகளின் டீசல் இந்தக் கணக்கில் வராது. துறைமுகம் வரை போகும் போக்குவரத்தும் கிடையாது. டீசல் ஜெனரேட்டரும் சொந்த மின் நிலையமும் மின் உற்பத்தியைச் சேர்ந்தவை. அவை ஆலைக்குள்ளேயே நின்றாலும் அவற்றின் உமிழ்வு மறைமுக உமிழ்வுதான், அதாவது பயன்படுத்தும் மின்சாரத்தின் கணக்கில் வருவது. ஒரே டீசல் தொட்டியிலிருந்து ஜெனரேட்டர், ஃபோர்க்லிஃப்ட், பர்னர் மூன்றுக்கும் எடுக்கும் ஆலைகள் நிறைய உண்டு; அங்கே மூன்றுக்கும் தனித்தனி பதிவேடு வைக்க இன்றே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: எந்தத் தரவு, எங்கிருந்து, யார் கையால்?

சட்டம் கண்காணிப்புத் திட்டம் என்று கேட்கும் ஆவணம் இதுதான். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எந்தக் கருவி அளக்கிறது, அது கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது, எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, யார் எழுதுகிறார். பெயருக்குப் பதில் பதவியை எழுதுங்கள், ஆள் மாறினாலும் ஆவணம் நிற்கும்.

எரிபொருள் விஷயத்தில் வாங்கியது வேறு, எரித்தது வேறு. ஆண்டு தொடக்க இருப்பு, கூட்டல் வாங்கியது, கழித்தல் ஆண்டு இறுதி இருப்பு, கழித்தல் வெளியே கொடுத்தது: இதுதான் பயன்பாடு. அதனால் ஜனவரி 1 காலையில் நிலக்கரிக் குவியலையும் எண்ணெய்த் தொட்டியையும் அளந்து, தேதியோடு படமெடுத்து, இரண்டு பேர் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால், நிதியாண்டை வேறு மாதத்தில் முடிக்கும் நிறுவனங்களுக்கு இந்த இருப்பு எண் தானாகக் கிடைக்காது. பின்னால் போய் மீட்டெடுக்கவும் முடியாது.

எரிவாயு பில்லில் ஒரு சிக்கல் அடிக்கடி தவறவிடப்படுகிறது. பெரும்பாலான எரிவாயு பில்கள் மொத்த வெப்ப மதிப்பில் போடப்படுகின்றன. உமிழ்வுக் காரணிகள், அதாவது இவ்வளவு வெப்பத்துக்கு இவ்வளவு கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் எண்கள், நிகர வெப்ப மதிப்பின் (எரியும்போது நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்த மதிப்பு) அடிப்படையில் இருக்கின்றன. இயற்கை எரிவாயுவுக்கு நிகர மதிப்பு மொத்த மதிப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு. பில்லில் இருக்கும் எண்ணை அப்படியே காரணியோடு பெருக்கினால், செய்யாத உமிழ்வை, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, உங்கள் பெயரில் நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். நிலக்கரியில் இதே மாதிரி ஈரப்பதம் வரும்: ஆய்வக அறிக்கை உலர்ந்த நிலையில், எடைமேடைச் சீட்டு ஈரத்தோடு. இரண்டையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவராமல் பெருக்கக் கூடாது.

ஐந்தாம் படி: நேரடி உமிழ்வு

எரிப்புக்கு வழி எளிது. எரிபொருளின் எடையை நிகர வெப்ப மதிப்பால் பெருக்கி, அதை உமிழ்வுக் காரணியால் பெருக்க வேண்டும். சொந்த ஆய்வகத் தரவு இல்லாதபோது ஏற்றுக்கொள்ளப்படும் நிலையான மதிப்புகள் உண்டு. இயற்கை எரிவாயு டன்னுக்கு 48 ஜிகாஜூல், ஒரு டெராஜூலுக்கு 56.1 டன் கார்பன் டை ஆக்சைடு. டீசல் 43 ஜிகாஜூல், 74.1 டன். ஃபர்னஸ் ஆயில் 40.4 ஜிகாஜூல், 77.4 டன். எல்பிஜி 47.3 ஜிகாஜூல், 63.1 டன். பெட்கோக் 32.5 ஜிகாஜூல், 97.5 டன்.

எஃகு உருக்கும் இடத்தில் எரிப்பை மட்டும் பார்த்தால் போதாது. கார்பன் உலோகத்தோடு உள்ளே வருகிறது, உலோகத்தோடு வெளியே போகிறது. அங்கே நிறைச் சமநிலை முறைதான் சரி: உள்ளே வந்த கார்பன் கழித்தல் வெளியே போன கார்பன், அதை 3.664-ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு. இதற்கும் நிலையான மதிப்புகள் உண்டு. ஒரு டன்னுக்கு எஃகும் எஃகு ஸ்கிராப்பும் 0.04, ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமலே பிரித்தெடுத்த இரும்பு) 0.07, வார்ப்பிரும்பு 0.15, மின்முனை 3.00, உலையில் போடும் கார்பன் 3.04 டன் கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புக்கல்லை நேரடியாக உலையில் போட்டால் டன்னுக்கு 0.44 சேரும். ஏற்கெனவே சுட்ட சுண்ணாம்பை வாங்கிப் போட்டால் அது உங்கள் உலையில் வராது.

ஒரு கற்பனை ஆலையை எடுத்துக்கொண்டு முழுக்கணக்கும் போட்டுவிடுவோம். ஆண்டில் 34,000 டன் எஃகு ஸ்கிராப், வெளியிலிருந்து வாங்கிய 12,000 டன் ஸ்பாஞ்ச் அயர்ன், 500 டன் கார்பன், 100 டன் மின்முனை. வெளியே வந்தது 40,000 டன் பில்லெட். அத்தனை பில்லெட்டும் அதே ஆலையில் கம்பியாகி, 39,000 டன் விற்கத் தகுந்த கம்பி கிடைத்தது. உருட்டும் முன் பில்லெட்டை மறுபடி சூடாக்கும் ரீஹீட்டிங் ஃபர்னஸில் 1,200 டன் இயற்கை எரிவாயு.

உருக்கும் பகுதி: ஸ்கிராப் 1,360, ஸ்பாஞ்ச் அயர்ன் 840, கார்பன் 1,520, மின்முனை 300. கூட்டினால் 4,020. பில்லெட்டோடு வெளியேறிய 1,600-ஐக் கழித்தால் 2,420 டன். எரிவாயு: 57.6 டெராஜூல், 56.1-ஆல் பெருக்கினால் 3,231 டன். ஆலையின் சொந்த நேரடி உமிழ்வு 5,651 டன். இதை 39,000-ஆல் வகுத்தால் ஒரு டன் கம்பிக்கு 0.145 டன்.

வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். உற்பத்தியான 40,000-ஆல் வகுக்கவில்லை, விற்கத் தகுந்த 39,000-ஆல்தான் வகுத்தோம். வெட்டுத் துண்டுகளும் தரம் குறைந்து திரும்ப உலைக்குப் போனவையும் வகுத்தியில் சேரக் கூடாது.

0.145 என்பது அழகான எண். பல ஆலைகள் இங்கேயே நிறுத்தி, இதையே அனுப்பிவிடுகின்றன.

ஆறாம் படி: வாங்கிய பொருளுக்குள் இருக்கும் உமிழ்வு

ஸ்பாஞ்ச் அயர்னைச் செய்தவர் அதற்காக எரித்த நிலக்கரியும் உங்கள் கம்பியின் கணக்கில் வரும். இப்படிக் கணக்கோடு வந்து சேரும் இடைப்பொருள்களை முன்பொருள் என்று வைத்துக்கொள்வோம். எஃகுக்கு வார்ப்பிரும்பு, ஸ்பாஞ்ச் அயர்ன், சில ஃபெரோ உலோகக் கலவைகள், பில்லெட், தகடு. சிமெண்டுக்கு, சூளையில் சுட்டு எடுக்கும் கிளிங்கர். அலுமினியப் பொருளுக்கு அலுமினியக் கட்டி. யூரியாவுக்கு அம்மோனியா. ஸ்கிராப் இப்போதைய விதியில் முன்பொருள் இல்லை. அது முன் உமிழ்வு எதையும் சுமந்து வருவதில்லை. அதற்குள் இருக்கும் கார்பன் மட்டும் மேலே பார்த்த நிறைச் சமநிலையில் வரும்.

நம் கற்பனை ஆலைக்கு ஸ்பாஞ்ச் அயர்ன் கொடுப்பவர் தன் எண் டன்னுக்கு 2.2 என்று ஆதாரத்தோடு தருகிறார் என்று வைப்போம். 12,000 டன்னுக்கு 26,400 டன். சொந்த உமிழ்வோடு கூட்டினால் 32,051. ஒரு டன் கம்பிக்கு 0.82. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆலையின் கேட்டுக்கு வெளியே உருவானது.

அவர் எண் தரவில்லை, இயல்பு மதிப்பு கூடுதலோடு சேர்ந்து 3.3 ஆகிறது என்று வைத்தால் அதே கம்பி 1.16 ஆகிவிடும். உங்கள் ஆலையில் ஒரு பர்னரைக்கூட மாற்றாமல், ஒரு கடிதம் வராத காரணத்தால் இவ்வளவு வித்தியாசம். அதனால் உதவ வருபவர் தன் நேரத்தில் பாதிக்கு மேல் இந்த இடத்தில் செலவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரீஹீட்டிங் ஃபர்னஸில் 5 விழுக்காடு எரிவாயு மிச்சம் பிடிப்பது நல்ல வேலைதான். ஆனால் ஸ்பாஞ்ச் அயர்ன் கொடுப்பவரை மாற்றுவதோ, அவருக்குக் கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதோ கொடுக்கும் பலனுக்கு அது பக்கத்தில் வராது.

சப்ளையரிடம் எப்படிக் கேட்பது? 'உங்கள் கார்பன் எண் என்ன' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது, வந்தாலும் ஏதோ ஒரு இணையதளத்தில் பார்த்த சராசரி வரும். நிலக்கரிப் பயன்பாடு, அதன் ஆய்வக அறிக்கை, உற்பத்தி டன், வெளியே விற்ற வெப்பம், கணக்கு ஆண்டு என்று ஒரு பக்கப் படிவம் செய்து கொடுங்கள். முடிந்தால் உங்கள் ஆளை அனுப்பி அவரோடு உட்கார்ந்து நிரப்பச் செய்யுங்கள். தன் செலவு விவரம் வெளியே தெரியும் என்று அவர் தயங்கினால், எரிபொருள் விவரத்தைச் சரிபார்ப்பாளரிடம் மட்டும் காட்டி, உங்களுக்கு டன்னுக்கான எண்ணை மட்டும் தரும் ஏற்பாடு செய்யலாம். அப்புறம், புதிய கொள்முதல் ஆணைகளில் 'உமிழ்வுத் தரவு தர வேண்டும், சரிபார்ப்புக்கு ஒத்துழைக்க வேண்டும்' என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுங்கள். விலை பேசும்போது கேட்டால் கிடைக்கும். சரக்கு இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

வர்த்தகர் மூலம் வாங்கும்போது எந்த ஆலையின் சரக்கு என்பதே தெரியாமல் போகும். ஆலையின் பெயரும் ஹீட் எண்ணும் (உலையில் ஒரு முறை உருக்கிய தொகுதியின் எண்) உள்ள சோதனைச் சான்றிதழ் இல்லாமல் வாங்கிய டன்னுக்கு இயல்பு மதிப்புதான் கதி.

இன்னொன்று. போல்ட், குழாய் இணைப்பு போன்ற பொருள்களைச் செய்பவர்களுக்குக் கணக்கு பெரும்பாலும் இந்தப் படிதான். வாங்கிய கம்பி அல்லது தகட்டின் எண், ஒரு டன் பொருளுக்கு எத்தனை டன் கம்பி போனது என்ற விகிதம்: இந்த இரண்டும் சரியாக இருந்தால் பெரும்பகுதி முடிந்தது.

மின்சாரம்

இடைக்காலத்தில் எல்லாப் பொருளுக்கும் மறைமுக உமிழ்வையும் எழுதச் சொன்னார்கள். 2026 முதல் இரும்பு, எஃகு, அலுமினியம், ஹைட்ரஜனுக்கு நேரடி உமிழ்வு மட்டுமே கட்டணக் கணக்கில் வரும். சிமெண்டுக்கும் உரத்துக்கும் இரண்டும் சேரும். மின்கட்டமைப்பிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கு இயல்புக் காரணியைப் போடுவார்கள். சூரிய மின்சாரத்தின் பலனைக் கேட்க வேண்டுமானால் மின் நிலையத்தோடு நேரடி இணைப்போ, மின் கொள்முதல் ஒப்பந்தமோ இருக்க வேண்டும். சந்தையில் தனியாக வாங்கிய பசுமைச் சான்றிதழ் மட்டும் போதாது.

துறைவாரியாகச் சில எச்சரிக்கைகள்

அலுமினியம் உருக்கும் ஆலையில் ஆனோடு (கார்பன் மின்முனை) கரைவதால் வரும் கார்பன் டை ஆக்சைடோடு பெர்ஃப்ளூரோகார்பன்கள் என்ற வாயுக்களும் சேரும். கார்பன் டெட்ராஃப்ளூரைடு ஒரு டன் என்றால் 6,630 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று கணக்கிடப்படுகிறது. அதனால் ஆனோடு விளைவு (மின்னழுத்தம் திடீரென ஏறி இந்த வாயுக்கள் உருவாகும் நிகழ்வு) நேரும் ஒவ்வொரு முறையும், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதும் பதிவாக வேண்டும். நைட்ரிக் அமிலம் செய்யும் உர ஆலையில் நைட்ரஸ் ஆக்சைடைப் புகைபோக்கியில் தொடர் அளவீட்டுக் கருவி வைத்து அளக்க வேண்டும். காகிதக் கணக்கு செல்லாது. அந்தக் கருவியை வாங்கி நிறுவுவதற்கே மாதங்கள் ஆகும். சிமெண்டில் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வரும் உமிழ்வு எரிபொருளைவிடப் பெரியது. அதற்கான நிலையான மதிப்பு டன் கிளிங்கருக்கு 0.525. மாற்று எரிபொருள் எரிக்கும் சூளைகளில் உயிரிப் பகுதி எவ்வளவு என்பதற்கு ஆய்வக ஆதாரம் தேவை.

எவ்வளவு பணம்?

முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான், ஆனால் மேலே உள்ளதைச் செய்யாமல் பதில் கிடையாது. 'முதல் ஆண்டில் 2.5 விழுக்காடு மட்டும்தானே கட்ட வேண்டும்' என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அது தவறான புரிதல். ஐரோப்பிய ஆலைகள் தங்கள் இலவச ஒதுக்கீட்டை, அதாவது பணம் கட்டாமல் கிடைக்கும் உமிழ்வு அனுமதிகளை, 2034-க்குள் முழுவதும் இழக்கின்றன. அதற்கு ஏற்ப உங்கள் பொருளுக்கும் ஒரு கழிவு, அதாவது தள்ளுபடி, கிடைக்கும். அந்தக் கழிவு உங்கள் உமிழ்வில் 97.5 விழுக்காடு அல்ல. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்று ஐரோப்பா வைத்திருக்கும் அளவுகோல் எண்ணில் 97.5 விழுக்காடு. அளவுகோலைவிட அதிகமாக உமிழ்ந்தால் அந்த அதிகப்படி முழுவதற்கும் முதல் ஆண்டிலிருந்தே பணம்.

நம் ஆலைக்கு அளவுகோல் 0.5 என்றும், சான்றிதழ் 80 யூரோ என்றும் வைத்துப் பார்ப்போம். இரண்டும் கணக்குக்காக எடுத்த எண்கள். 2026-இல் கழிவு 0.4875. சரிபார்த்த 0.82-ஓடு அனுப்பினால் டன்னுக்குச் சுமார் 27 யூரோ. இயல்பு மதிப்பால் 1.16 ஆனால் சுமார் 54 யூரோ, அதாவது இரண்டு மடங்கு. கழிவின் விழுக்காடு 2027-இல் 95, 2028-இல் 90, 2029-இல் 77.5, 2030-இல் 51.5 என்று இறங்கி 2034-இல் பூஜ்ஜியமாகும். 2029-க்கும் 2030-க்கும் நடுவே உள்ள பள்ளம் பெரிது. உலையை மாற்றும் முதலீட்டை யோசிப்பவர்கள் அந்த ஆண்டை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

சான்றிதழின் விலை ஐரோப்பிய கார்பன் சந்தையின் ஏல விலையைப் பின்பற்றும். 2026 இறக்குமதிக்குக் காலாண்டுச் சராசரி, 2027 முதல் வாரச் சராசரி. உங்கள் நாட்டிலேயே கார்பன் விலை எதாவது கட்டியிருந்தால் அதைக் கழிக்கக் கேட்கலாம். உண்மையில் செலுத்தப்பட்டு, திரும்பக் கிடைக்காத தொகைக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

சரிபார்ப்பு

உண்மையான எண்ணை அறிவிக்க வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் அங்கீகார அமைப்பிடம் இதற்காக அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளரின் அறிக்கை வேண்டும். முதல் முறை அவர் ஆலைக்கு நேரில் வர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அவர்களைத் தேடுவார்கள் என்பதால் ஒப்பந்தத்தை முன்கூட்டியே போடுங்கள்.

அவர் வந்தால் எதைத் தேடுவார்? உங்கள் இறுதி எண்ணிலிருந்து பின்னோக்கிப் போவார். 1,200 டன் எரிவாயு என்றால் பன்னிரண்டு பில்கள், மீட்டர் பதிவு, கணக்குப் புத்தகத்தில் செலுத்திய தொகை மூன்றும் ஒத்துப்போகிறதா? உற்பத்தி டன் விற்பனைப் பதிவோடும் இருப்போடும் பொருந்துகிறதா? எடைமேடையின் அளவுத்திருத்தச் சான்றிதழ் அந்த ஆண்டு முழுவதும் செல்லுபடியானதா? அவருக்கு முன்னால், வேறு பிரிவைச் சேர்ந்த ஒருவரை வைத்து நீங்களே ஒருமுறை இப்படிப் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பொருந்தாத இடத்தை மறைக்காமல், என்ன தரவு விடுபட்டது, எப்படி நிரப்பினோம், ஏன் அது உமிழ்வைக் குறைத்துக் காட்டாது என்று எழுதி வையுங்கள். அப்படி எழுதி வைத்த இடைவெளியைச் சரிபார்ப்பாளரால் எடைபோட முடியும். எழுதாமல் விட்டது பிழையாகத்தான் நிற்கும்.

எண்ணை எப்படி அனுப்புவது?

ஐரோப்பிய ஆணையம் இடைக்காலத்திலேயே ஆலைகளுக்காக ஒரு எக்செல் டெம்ப்ளேட்டை இலவசமாக வெளியிட்டது. அதன் சுருக்கத் தாளை மட்டும் வாங்குபவருக்குக் கொடுத்தால் போதும், மற்ற தாள்களில் உங்கள் தொழில் ரகசியம் இருக்கிறது. பத்து வாங்குபவர்கள் இருந்தால் பத்து வடிவத்தில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகக் கணக்குப் போட்டால் எண்கள் ஒன்றுக்கொன்று மாறிவிடும். ஒரே கணக்கு, ஒரே பதிப்பு, தேதியோடு.

இன்னும் நல்ல வழி, ஆலையே சிபிஏஎம் பதிவகத்தில் பதிவு செய்துகொள்வது. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சரிபார்க்கப்பட்ட எண்ணை அங்கே ஏற்றிவிட்டு, யார் பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். ஆதாரங்களைச் சரிபார்ப்பு முடிந்த பிறகும் நான்கு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

எந்த வரிசையில் ஆரம்பிப்பது?

முழு முறையையும் ஒரே மாதத்தில் அமைக்க முயலாதீர்கள். முதல் வாரத்தில் சிஎன் குறியீட்டு உறுதியும் முன்பொருள் சப்ளையர் பட்டியலும். சப்ளையர்களுக்கான படிவம் அன்றே போகட்டும், ஏனென்றால் பதில் வர அதிகக் காலம் எடுப்பது அதுதான். பதிலுக்காகக் காத்திருக்கும் நாள்களில் வரைபடம், மீட்டர்கள், பதிவேடுகள். பிறகு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் முந்தைய மாதத்தின் எரிபொருள், உற்பத்தி, முன்பொருள் மூன்றையும் ஒரே தாளில் ஏற்றுங்கள். மாதாமாதம் டன்னுக்கான எண்ணைப் போட்டுப் பார்த்தால், ஒரு மாதம் திடீரென்று ஏறும்போது உலைக் கசிவா, மீட்டர் பழுதா, பதிவுப் பிழையா என்று அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பிரிட்டனும் தன் சொந்த எல்லைக் கார்பன் வரியை 2027 ஜனவரி 1 முதல் கொண்டுவருகிறது: அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், இரும்பு மற்றும் எஃகு. விதிகள் வேறு, படிவம் வேறு. ஆனால் அங்கும் கேட்கப் போவது எரிவாயு மீட்டரையும் எடைமேடைச் சீட்டையும் சப்ளையரின் எண்ணையும்தான். இரு சந்தைக்கும் அனுப்பும் ஆலை, மாதத் தாளில் சரக்கு போகும் நாட்டுக்கு ஒரு பத்தியை இப்போதே சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு தனியாக ஒரு பதிவேடு தொடங்க வேண்டியிருக்காது.